ஒரே முறை கேட்கப்பட்ட சமையல் வண்டி

கிளாரா போர்கில்ட் ஹெல்லிக்சன் (1925–2012), ஹோவ்லண்ட், டகோட்டா சமவெளி.

கிளாரா என்ற பெயர் ஞானஸ்நானத்தோடு சரி. ஊரார் அவரைப் போர்கில்ட் என்றே அழைத்தனர். அவர் எந்தப் பதவியும் வகித்தவர் அல்லர். தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் காப்பி வடிக்கும் முறை வந்தபோது வடித்தார். இல்லத்தரசியர் மன்றத்தில் பல்லாண்டுகள் உறுப்பினராக இருந்தும் ஒரு கூட்டத்திலேனும் எழுந்து பேசியதில்லை. அத்தகையவர் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் ஒரு முறை வாய் திறந்தார். ஒரு மசோதா விழுந்தது. வீழ்த்தப்பட்டவர்களும் சேர்ந்து கைதட்டிய வெற்றி அது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வண்டி. ஹெல்லிக்சன் குடும்பத்தாரிடம் கதிரடிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அறுவடைக் காலத்தில் அதைப் பண்ணை பண்ணையாக இழுத்துச் செல்வார்கள்; பின்னாலேயே சமையல் வண்டியும் போகும். இரும்புச் சக்கரங்களின் மேல் நீண்டு ஒடுங்கிய ஒரு மரவீடு என்று சொல்லலாம். ஒரு முனையில் அடுப்பு. அங்கிருந்து மறுமுனை வரை மேசை. இருபுறமும் உட்காரப் பலகை. 1942ஆம் ஆண்டு அறுவடை தொடங்கும் தறுவாயில், வழக்கமான சமையற்காரி விமானத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து மேற்குக் கடற்கரைக்குப் போய்விட்டாள். அண்டைப் பண்ணையின் பதினேழு வயதுப் பெண்ணான போர்கில்ட் கரண்டியைக் கையில் எடுத்தார். உருளைக்கிழங்கு உரிக்க ஹெல்லிக்சன் வீட்டுக் கடைக்குட்டி அர்டிஸ் துணைக்கு இருந்தாள்.

இருபதுக்கும் மேற்பட்ட ஆண்கள். நாளுக்கு ஐந்து வேளை. அடுத்த பண்ணைக்கு டிராக்டர் வண்டியை இழுத்துப் போகும்போதும் அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் ரொட்டி அமுங்கிப் போகும் என்று டிராக்டர் ஓட்டிய ஓர்வில், அர்டிஸின் அண்ணன், மேடு பார்த்தே ஓட்டினார். அறுவடை முடிந்த அன்று தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "சாப்பாடு மோசமில்ல" என்றார். ஹோவ்லண்டில் இதைவிட நீண்ட காதல் கடிதத்தை யாரும் எழுதியதில்லை. போர் முடிந்ததும் இருவருக்கும் திருமணம் நடந்தது.

பிறகு, அறுத்து அடித்துத் தூற்றும் வேலைகளை ஒன்றாகச் செய்யும் இயந்திரங்கள் வந்தன. வண்டியின் அடுப்பு போருக்குப் பழைய இரும்பு திரட்டியபோதே போயிருந்தது. வண்டி, காற்றைத் தடுக்க நட்ட மரவரிசைக்குள் தள்ளப்பட்டுக் கோழிக்கூண்டு ஆயிற்று. நாற்பது ஆண்டுகள் அதைப் பற்றி எவரும் பேசவில்லை, போர்கில்டும் பேசவில்லை.

1982ஆம் ஆண்டுக் கோடையில் மன்றத்துப் பெண்கள் ஒரு பேருந்தில் தலைநகருக்குப் போனார்கள். சட்டமன்றக் கட்டடத்தின் உயரமான கோபுரத்தில் ஏறி நின்று, தத்தம் ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று வாதாடினார்கள். பின் புல்வெளியைக் கடந்து வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார்கள். அனுமதி இலவசம் என்றதும் அர்டிஸ், "அப்ப ரெண்டு தடவ பாக்கலாம்" என்றார். உள்ளே ஒரு கதிரடிக்கும் இயந்திரம் புது வண்ணம் பூசி நின்றது. பக்கத்தில் வைக்கோலும், வைக்கோல் அள்ளும் கவைகளும், ஆண்கள் வரிசையாக நிற்கும் பெரிய புகைப்படமும் இருந்தன. போர்கில்ட் அந்தப் புகைப்படத்தின் முன் வெகுநேரம் நின்றார். ஆண்கள் அனைவரும் வயிறு நிறைந்தவர்களாகத் தெரிந்தனர். அந்த வயிற்றை நிறைத்தது எது என்பதற்கு அந்தக் கூடத்தில் ஒரு கரண்டிகூடச் சாட்சி இல்லை.

வீடு திரும்பியதும் கணவரிடம், "அந்த மெஷினுக்குத்தான் மண்ணெண்ணெய் ஊத்தினீங்க. ஆளுங்க என்ன, காத்தக் குடிச்சா வேல செஞ்சாங்க?" என்று கேட்டார். மறுநாள் காலை ஓர்வில் டிராக்டரை மரவரிசைப் பக்கம் கொண்டுபோய்ச் சங்கிலி மாட்டினார்.

வண்டியைச் சீராக்க இரண்டு ஆண்டுகள் பிடித்தன. சக்கரங்களை ஓர்வில் பார்த்துக்கொண்டார். உட்புறம் முழுவதையும் போர்கில்டும் அர்டிஸும் சுரண்டினார்கள். கோழி எச்சம் ஓரிடத்தில் கல்லாகவே இறுகியிருந்தது. "அண்ணி, இந்தக் கோழிங்களும் ஹெல்லிக்சன் குடும்பம்தான். வந்த எடத்த விட்டு அசையவே இல்ல பாருங்க" என்று அர்டிஸ் தன் பிறந்த வீட்டையே கிண்டல் செய்தபடி சுரண்டினார். மேசைக்குப் பழைய பலகைகளே கிடைத்தன. அடுப்பு மட்டும் ஏலத்தில் எடுத்த வேறொன்று. அளவில் சிறியது; அது மூலையில் நின்றது, பெரியவருடைய நாற்காலியில் சிறுபிள்ளை உட்கார்ந்ததுபோல் இருந்தது. அதுவொன்றே குறை.

அந்த வண்டி, கதிரடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். போர்கில்ட் வாழ்நாளில் தமக்கென்று விரும்பிய சிலவற்றில் இது ஒன்று. இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊர் முழுவதும் அறிந்திருந்தது. ஊரில் ஒருவர் செய்தி அனுப்பி அருங்காட்சியகத்துக்கும் எட்டச் செய்தார்.

1984ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அருங்காட்சியகத்தின் புதிய இயக்குநர் ராஜர் டிபெட்ஸ் ஹோவ்லண்டுக்கு வந்தார். பாஸ்டன் பக்கத்துக்காரர், நேர்மையானவர், சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஊரில் வளர்ந்தவர். வண்டிக்குள் ஏறிப் பலகையில் உட்கார்ந்து பார்த்தார். சன்னல் கதவுகளை ஏற்றி இறக்கினார். முகம் மலர்ந்து கீழே இறங்கி, "மிஸஸ் ஹெல்லிக்சன், இத எங்க மியூசியத்துக்குத் தர முடியுமா?" என்று கேட்டார்.

ஹோவ்லண்டில் எதையும் மூன்று முறை கேட்பார்கள். காப்பி வேண்டுமா என்றால் முதலில் வேண்டாம் என்பதே ஒழுங்கு. இரண்டாம் முறை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் முறை கேட்டபின், சரி, அரைக் கோப்பை என்று சொல்லி முழுக்கோப்பை குடிக்கலாம். தட்டில் உள்ள கடைசித் துண்டு பலகாரத்தை ஒருவரும் எடுக்க மாட்டார்கள்; பாதி வெட்டி எடுப்பார்கள், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி எடுப்பார், கடைசியில் தட்டில் ஒரு துணுக்கு மிஞ்சி எறும்புக்குப் போகும். முதல் கேள்விக்கே ஆம் என்று சொல்பவர்களைப் பற்றி ஊரில் ஒரு கருத்து உண்டு. அது நல்ல கருத்து அன்று.

ஆகவே போர்கில்ட் முறைப்படி பதிலளித்தார். "அய்ய, இது எதுக்குங்க உங்களுக்கு? கோழி இருந்த வண்டி. இதவிட நல்லது எங்கயாவது கெடைக்கும்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். டிபெட்ஸும் ஒரு கணம் காத்திருந்தார். பின் அவர் முகம் சற்று வாடியது. "புரியுதும்மா. குடும்பச் சொத்து. வற்புறுத்த மாட்டேன்" என்று தொப்பியை எடுத்து அணிந்துகொண்டார். லெஃப்ஸே என்னும் மெல்லிய ரொட்டியும் வெண்ணெயும் ஏந்திய தட்டோடு வாசலில் நின்ற அர்டிஸ் இரண்டு அடி முன்னால் வைத்தார். அதற்குள் கார் கிளம்பிவிட்டது. டன்வெல் ஊருக்குப் போகும் பாதையில் புழுதி எழுந்து, வெகுதூரம் வரை அடங்காமல் நின்றது.

"அண்ணி, அவரு ஒரு தடவதான் கேட்டாரு" என்றார் அர்டிஸ்.

"ஆமா."

"இப்ப டன்வெல்லுக்குப் போறாரு. அங்க லியோனா ஸ்குர்தாலோட வண்டி இருக்கு."

"தெரியும். தட்ட உள்ள கொண்டு போ, ரொட்டி காயுது."

பனிக்காலம் முழுவதும் போர்கில்ட் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. வலிந்து தொலைபேசியில் அழைத்து, தருகிறேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது அவரால் ஆகக்கூடியதன்று. கூரைமேல் ஏறித் தன் பெயரைத் தானே கூவுவதற்கு அது சமம். ஆனால் ஒரு மாலை, ஓர்வில் சன்னல் வழியே பார்த்தபோது, மனைவி பனிக்குள் நின்று வண்டியின் மேற்கூரையில் குவிந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். ஓர்வில் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, இன்னொரு துடைப்பத்தோடு வெளியே போனார்.

1985ஆம் ஆண்டு மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, இல்லத்தரசியர் மன்றங்கள் சட்டமன்றத்துக்குச் செல்லும் நாள். காலையில் பெண்கள் முதலில் அருங்காட்சியகத்தைப் பார்த்தார்கள். கதிரடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இப்போது இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. தரையில் வெள்ளை நாடா ஒட்டி, நீண்டு ஒடுங்கிய ஒரு வடிவம் வரைந்திருந்தார்கள். போர்கில்டுக்கு அது என்னவென்று எவரும் சொல்லத் தேவையில்லை. வாசற்படி வரும் இடம், அடுப்பு நிற்கும் மூலை, ஓர்வில் எப்போதும் உட்கார்ந்த பலகையின் முனை, யாவும் அந்த நாடாவுக்குள் அவருக்குத் தெரிந்தன. உள்ளே கால் வைக்காமல் ஓரமாகச் சுற்றி நடந்தார்.

மறுபுறத்தில் லியோனா ஸ்குர்தால் நின்றிருந்தார். டன்வெல்காரி, போர்கில்டைவிட நான்கு வயது மூத்தவர், இரு ஊர்களும் கூடும் ஒவ்வோர் இலையுதிர்கால விருந்திலும் இவருடைய ரொட்டிக்கும் போர்கில்டின் ரொட்டிக்கும் இடையே பெயரிடப்படாத ஒரு போட்டி முப்பது ஆண்டுகளாக நடந்துவந்தது.

"எடம் நல்லா அமைஞ்சிருக்கு" என்றார் போர்கில்ட். வென்றவரை வாழ்த்துவது முறை.

"அமைஞ்சிருக்கு, அமைஞ்சிருக்கு" என்றார் லியோனா. "வண்டியும் அதுக்கேத்த வண்டிதானே."

"நீங்க நல்லா வெச்சிருந்தீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க."

"எங்களோடது என்ன, சும்மா ஒரு பொட்டி. உங்களோடதுதான் வண்டி."

தோற்றவளிடம் இப்படிப் பேசுவது பெருந்தன்மை என்று போர்கில்ட் எண்ணினார், உள்ளே எரிந்தது. லியோனாவின் முகத்திலும் அதே எரிச்சல் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

பகலில் பிரதிநிதிகள் அவையின் பார்வையாளர் மாடத்தில் பெண்கள் அமர்ந்தார்கள். ஹோவ்லண்ட் பகுதியின் உறுப்பினர் கென்னத் ஓப்ஸ்டால் எழுந்து மாடத்தைக் காட்டித் தம் தொகுதிப் பெண்களை அறிமுகம் செய்தார், அவர்கள் எழுந்து நின்றார்கள், அவை கைதட்டியது, அவர்கள் உட்கார்ந்தார்கள். ஓப்ஸ்டால் கோதுமையும் சூரியகாந்தியும் பயிரிடுபவர். பனிக்காலத்தில் மட்டும் சட்டம் செய்பவர். வெளியே வந்தபோது பெண்களிடம், பிற்பகலில் தம் தலைமையில் ஒரு குழு விசாரணை இருப்பதாகவும், அருங்காட்சியகம் பற்றிய மசோதா என்றும், விரும்பினால் வந்து உட்காரலாம் என்றும் சொன்னார். அறை நன்றாகச் சூடாக இருக்கும் என்று சேர்த்துக்கொண்டார். பேருந்து வர நேரம் இருந்தது. எல்லாரும் போனார்கள். டன்வெல் பெண்களும் வந்து மறுபக்க நாற்காலிகளை நிரப்பினார்கள்.

டிபெட்ஸ் எழுந்து மசோதாவை ஆதரித்துப் பேசினார். கதிரடிக்கும் இயந்திரம் பாதிக் கதையைத்தான் சொல்கிறது என்றார். அந்த உழைப்புக்குச் சோறு போட்ட பெண்களின் கதையும் வேண்டும் என்றார். போர்கில்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த மனிதர், ஓர்விலிடம் தாம் கேட்டதையே வேறு சொற்களில் கேட்கிறார் என்று தோன்றியது. அடுத்து டிபெட்ஸ் சொன்னது இது:

"ரெண்டு சமையல் வண்டிகளப் பாத்தேன். ரெண்டும் அருமை. ரெண்டு குடும்பமும் தர விரும்பல. அவங்க உணர்வ மதிக்கிறேன். அதனால புதுசா ஒண்ணு செய்ய நிதி கேக்கறோம். பழைய மாதிரியே தச்சர்கள வெச்சு செஞ்சுடலாம்."

போர்கில்ட் மெல்லத் தலையைத் திருப்பி லியோனாவைப் பார்த்தார். லியோனா ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளில் முதன்முறையாக இருவரும் ஒருவரையொருவர் முழுமையாகப் புரிந்துகொண்டார்கள்.

"நீங்களுமா?" என்று லியோனாவின் உதடுகள் கேட்டன. போர்கில்ட் தலையசைத்தார்.

இரண்டு ஊர்ப் பெண்களும் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சொல் போதும். அதைச் சொல்ல அந்தச் சமவெளியில் பிறந்த எவருக்கும் வாய் வராது. படித்த மனிதர் ஒருவர் சபையில் சொன்னதை மறுப்பதா? என்னிடம் இருப்பதை எடுத்துக்கொள் என்று தானே எழுந்து நின்று கேட்பதா? அர்டிஸ் முழங்கையால் இடித்தார். போர்கில்ட் அசையவில்லை. பொய் வண்டி ஒன்று அந்த வெள்ளை நாடாவுக்குள் வந்து நிற்கப்போகிறது. யாரும் சமைக்காத அடுப்பு, யாரும் உட்காராத பலகை. அது நின்றுவிட்டால் பிறகு ஒருநாளும் எடுக்க மாட்டார்கள்.

"மசோதாவ எதிர்த்துப் பேச யாராவது இருக்காங்களா?" என்று ஓப்ஸ்டால் கேட்டார்.

எவரும் எழவில்லை. வேறொரு தலைவராக இருந்தால் அத்துடன் முடித்து வாக்கெடுப்புக்குப் போயிருப்பார். ஆனால் ஓப்ஸ்டாலும் ஹோவ்லண்ட் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் காப்பி குடித்து வளர்ந்தவர்.

"எதிர்க்கறவங்க யாராவது?"

போர்கில்ட் கைப்பையைத் திறந்து மூடினார்.

"கடைசியாக் கேக்கறேன். யாராவது இருக்கீங்களா?"

மூன்றாம் முறை கேட்கப்பட்டுவிட்டது. போர்கில்ட் எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்தது, அர்டிஸ் பிடித்துக்கொண்டார். சாட்சி மேடைக்கு நடந்து, ஒலிவாங்கியைக் கண்டு சற்று விலகி நின்றார்.

"நான் போர்கில்ட் ஹெல்லிக்சன், ஹோவ்லண்ட். கென்னத்துக்கு என்னைத் தெரியும். இந்த மசோதா வேண்டாம். நெசமான வண்டி இருக்கறப்ப எதுக்குப் புதுசா ஒண்ணு? என்கிட்ட இருக்கு. அதுல நான் சமைச்சிருக்கேன்."

டிபெட்ஸ் திகைத்து எழுந்தார். "ஆனா மிஸஸ் ஹெல்லிக்சன், நான் கேட்டப்ப வேண்டாம்னு சொன்னீங்களே."

"ஒரு தடவதானே சொன்னேன்" என்றார் போர்கில்ட்.

முதலில் சிரித்தது குழுவின் மூத்த உறுப்பினர். பின் மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிரிப்பு ஓடியது. நாற்காலிகளுக்கு வந்தபோது அது வெடித்தது. டன்வெல் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஓப்ஸ்டால் மேசையைத் தட்டி அமைதி கோரும் சுத்தியலைக் கையில் பிடித்தபடியே குலுங்கினார். பிறகு இயக்குநரைப் பார்த்து, "மிஸ்டர் டிபெட்ஸ், தப்பு உங்க மேல இல்ல. ஆனா இந்தப் பக்கம் நீங்க இன்னும் ரெண்டு தடவ கேட்டிருக்கணும். இப்பவும் கெட்டுப் போகல, கேளுங்க" என்றார்.

டிபெட்ஸ் மேடைக்கு அருகே வந்தார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். "மிஸஸ் ஹெல்லிக்சன், உங்க வண்டியத் தருவீங்களா?"

கேள்வி புதிது; ஆகவே கணக்கும் புதிது. அறுபது ஆண்டுப் பழக்கம் போர்கில்டின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஊர்ப் பெண்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் கேள்விக்கே ஆம் என்றவள் என்று இனி ஆயுள் முழுவதும் சொல்லப்போகிறார்கள். சொல்லட்டும்.

"தரேன்" என்றார்.

அர்டிஸ் முதலில் கைதட்டினார். மாடத்தை நோக்கி அவையினர் தட்டிய மரியாதைக் கைதட்டல் போன்றதன்று. உள்ளங்கை சிவக்கத் தட்டியது. அதன் நடுவே மறுபக்கத்திலிருந்து லியோனா ஸ்குர்தால் எழுந்தார். அனுமதி கேட்கவில்லை.

"வண்டி அவங்களோடதா இருக்கட்டும். ஆனா அவங்க அடுப்பு சரியில்ல. ஊர் முழுக்கத் தெரியும், அதுல ஒரு பூனைக்குத்தான் சமைக்கலாம். எங்க வண்டியில பழைய அடுப்பு அப்படியே இருக்கு. அத எடுத்துக்குங்க."

"அய்ய, அதெல்லாம் எதுக்கு லியோனா, உங்களுக்கு வீண் சிர..." என்று போர்கில்ட் தொடங்கினார். பின் நிறுத்தினார்.

"சரி. குடுங்க" என்று முடித்தார்.

குழு ஒருமனதாக மசோதாவை நிராகரித்தது. தாம் ஆதரித்த மசோதா தோற்றதற்கு இயக்குநர் ஒருவர் நன்றி சொன்னதை முதன்முறையாகக் கேட்டதாக ஓப்ஸ்டால் பிற்காலத்தில் கூறுவதுண்டு. பேருந்தில் திரும்பும்போது பெண்கள் தேவாலயப் பாட்டுகளை எல்லாக் குரல்களிலும் பாடினார்கள். வீட்டில் ஓர்வில் செய்தியை முழுவதும் கேட்டார். "மோசமில்ல" என்றார்.

ஜூன் மாதம் வண்டி ஒரு நீண்ட பார வண்டியின் மேல் ஏறித் தலைநகருக்குப் போனது. ஓர்வில் முன்னால் தம் காரை மேடு பார்த்து ஓட்டினார். அடுப்பு டன்வெல்லிலிருந்து வந்து சேர்ந்தது. மூலையில் வைத்ததும் மூலை நிறைந்தது. பெயர்ப் பலகையில் போர்கில்டின் பெயரைப் பொறிக்கலாமா என்று டிபெட்ஸ் கேட்டபோது, போர்கில்ட் வேண்டாம் என்றார். டிபெட்ஸ் இரண்டாம் முறை கேட்டார். எதற்குச் சிரமம் என்றார். மூன்றாம் முறை கேட்டார். "சரி. லியோனா பேரையும் போடுங்க. அடுப்புக்கு மட்டும்கறதால கொஞ்சம் சின்ன எழுத்துல" என்றார் போர்கில்ட். அவ்வாறே பொறிக்கப்பட்டது. லியோனா கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கி அதைப் படித்து, எழுத்தின் அளவைப் பற்றி ஆண்டுதோறும் ஒரு குறை சொன்னார்.

ஆண்டுதோறும் என்றால், ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் இருவரும் சேர்ந்து அங்கே போனார்கள். ஓர்வில் மறைந்த பிறகும், அர்டிஸ் மறைந்த பிறகும் போனார்கள். பள்ளிப் பிள்ளைகள் வண்டியைச் சூழ்ந்து நிற்கையில் இருவரும் சற்றுத் தள்ளி இருக்கையில் அமர்ந்து, எந்த அடுப்பில் எந்த ரொட்டி நன்றாக வரும் என்ற பழைய வழக்கை எடுத்து நடத்துவார்கள். தீர்ப்பு ஒரு முறையும் வரவில்லை.

தம் ஊரில் போர்கில்ட் இறுதிவரை முறை தவறவில்லை. காப்பியை இருமுறை மறுத்தே குடித்தார். அருங்காட்சியகத்துக் கூரையின் கீழ் மட்டும் வேறு சட்டம். அங்கே கடைசியாக அவர் சென்றபோது, பார்த்து முடித்தபின் சிற்றுண்டி மேசையில் இருவருக்கும் நடுவே பேரீச்சம்பழப் பலகாரத்தின் கடைசித் துண்டு தட்டில் இருந்தது. லியோனா கத்தியை எடுத்துப் பாதியாக வெட்டப் போனார். போர்கில்ட் கையை நீட்டி, முழுத் துண்டையும் எடுத்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். அது 2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை.